பையில் எந்த விசைப்பலகையை வைப்பது?

"பொருள்: பனி மாறுதல் கோருதல் – தொடர்பாக." சில ஆண்டுகளுக்கு முன் நான் அனுப்பிய விண்ணப்பத்தின் தலைவரி இது. நான் பார்வையற்ற தமிழாசிரியன். கேட்டது பணி மாறுதல். கைபேசியிடம் வாயால் சொன்னேன், அது எழுதிக்கொண்டது. அனுப்புவதற்கு முன், திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பானை இரண்டு முறை வாசிக்கவைத்துக் கேட்டேன். அதன் குரலில் றன்னகரமும் டண்ணகரமும் ஒன்றாகவே ஒலித்தன; ஒரு குறையும் தெரியவில்லை. மறுநாள் அலுவலகத்திலிருந்து ஒருவர் அழைத்து, "சார், ஊட்டிக்கா மாறுதல் கேட்கிறீர்கள்?" என்றார்.

மாறுதல் கிடைத்தது. ஊட்டிக்குக் கிடைக்கவில்லை, போக ஒரு மணி, வர ஒரு மணி பஸ்ஸில் உட்கார வேண்டிய ஊருக்குக் கிடைத்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் பாடக்குறிப்பும் கடிதங்களும் எழுதி முடிக்கலாமே என்றுதான் கைபேசிக்கு ஒரு விசைப்பலகை தேட ஆரம்பித்தேன். ஒன்றுக்கு மூன்றாக வாங்கியும் கடன் வாங்கியும் பார்த்துவிட்டதால், அடுத்து வாங்கப் போகிறவருக்குப் பணம் மிச்சமாகட்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில், எதுவுமே வாங்காமல் கைபேசியிலேயே எழுத மூன்று வழிகள் இருக்கின்றன. அவை போதுமென்றால் கடைக்குப் போக வேண்டியதில்லை.

குரல்வழி எழுதுவதன் வேகத்தை எதுவும் மிஞ்ச முடியாது. "பஸ் ஏறிவிட்டேன், ஏழு மணிக்கு வந்துவிடுவேன்" போன்ற செய்திக்கு நான் இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் தமிழில் அதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு, பார்வையற்றவருக்கு அது இரட்டிப்பு. ஒலி–ஒளி, அரை–அறை, கரை–கறை, பனி–பணி: பார்வையுள்ளவர் இவற்றைக் கண்ணால் பார்த்துத் திருத்திவிடுவார். நமக்குச் சரிபார்க்கும் புலன் காது. ஏமாறுவதும் அதே காது. எழுத்தெழுத்தாக நகர்ந்து கேட்டால் பிடிக்கலாம். இரண்டு பக்கக் கடிதத்தை அப்படிக் கேட்கிற பொறுமை யாருக்கு இருக்கிறது? கையால் அடிக்கும்போது இந்தத் தொல்லை இல்லை. எந்த ணகரத்தை அடித்தோம் என்பது விரலுக்குத் தெரியும். நிறுத்தற்குறியும் பத்தியும் அப்படியே.

திரையில் தோன்றும் விசைகளைத் தடவி எழுதுவது அடுத்த வழி. விரலை உலவவிட்டு, வேண்டிய எழுத்தின் பெயர் காதில் விழுந்ததும் விரலை எடுக்க வேண்டும். கடவுச்சொல்லுக்கும் ஓடிபிக்கும் போதும். ஒரு பத்தி எழுதினால் தோள் வலிக்கும். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

மூன்றாவது, திரை பிரெய்ல். இதை நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் பலருக்கு இதுவே போதுமானது, காசும் செலவில்லை. ஐபோனில் 2014இல் ஐஓஎஸ் 8 உடன் வந்தது. ஆண்ட்ராய்டில் 2020இல் அதன் திரைவாசிப்பானான டாக்பேக்கோடு சேர்ந்தது. கைபேசியைக் கிடைமட்டமாகத் திருப்பி, திரை வெளிப்பக்கம் பார்க்கும்படி இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, பக்கத்துக்கு மூன்று விரலாக ஆறு புள்ளிகளையும் அடிப்பது. பெர்கின்ஸ் பிரெய்லர் என்னும் பிரெய்ல் தட்டச்சுப் பொறியில் பழகிய விரல்களுக்குப் பத்து நிமிடத்தில் வசப்பட்டுவிடும். (அந்த உலோகப் பெட்டி 1951இல் சந்தைக்கு வந்தது. நம் காட்பாடியிலேயே அதைச் செய்கிறார்கள் என்பது அதில் படித்த பலருக்கே தெரியாது.) விரல்கள் புள்ளி இடங்களைச் சற்றுத் தவறினாலும் கைபேசி அனுசரித்துக்கொள்ளும்.

இடர் எங்கே? இரண்டு கையும் வேண்டும். டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்பவனுக்கு இரண்டு கை ஏது? வெயில் காலத்தில் வியர்வை பட்ட திரை விரலை ஏமாற்றும். எழுதி முடித்துவிட்டு வேறொரு செயலிக்குப் போக வேண்டுமென்றால் பிரெய்ல் பலகையை மூடி, பழைய தடவலுக்குத் திரும்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், பிரெய்ல் தெரிந்திருக்க வேண்டும். நாற்பது வயதில் சர்க்கரை நோயால் பார்வையை இழந்த என் நண்பர் ஒருவர் வங்கியில் இருபது ஆண்டுகள் கணினியில் வேலை பார்த்தவர். அவரது விரலுக்கு ஆங்கில விசைப்பலகை அத்துப்படி, பிரெய்ல் அன்னியம். அவரைப் போய் ஆறு புள்ளி படிக்கச் சொல்வது அநியாயம்.

இனிக் கடைக்குப் போகலாம்.

நான் முதலில் வாங்கியது மடிப்பு விசைப்பலகை. விளம்பரத்தில் சட்டைப் பைக்குள் போகும் என்றார்கள், போனது. எடையும் இருநூறு கிராமைத் தாண்டவில்லை. மேசைமேல் விரித்தபோது நன்றாகத்தான் இருந்தது. பஸ்ஸில் மடிமேல் விரித்தபோதுதான் அதன் குணம் தெரிந்தது. நடுவில் கீல், கீலுக்குப் பூட்டு கிடையாது. இரண்டு தொடைகளுக்கு நடுவே பலகை வளைந்து உள்ளே போனது, புத்தகம் மூடுவதைப் போல. பையை மடியில் வைத்து அதன்மேல் வைத்தேன். வேகத்தடை வரும்போதெல்லாம் ஒரு சிறகு எழும்பிக் கீழே வந்தது.

அதைவிடக் கஷ்டம், விரலுக்கு அடையாளம் கிடைக்காதது. எஃப், ஜே விசைகளின் மேல் சிறு மேடு இருக்கும். இரண்டு ஆள்காட்டி விரலும் அங்கே உட்கார்ந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். மடிப்புப் பலகைகளில் அந்த மேடு பேருக்குத்தான் இருக்கும், சிலவற்றில் அதுவும் இல்லை. தட்டையான விசைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். மூன்றாக மடிபவற்றில் ஓரச் சிறகிலுள்ள விசைகள் ஒடுங்கியிருக்கும். தொடுபட்டை வைத்த வகை இன்னும் மோசம்: உள்ளங்கை தெரியாமல் பட்டால் போதும், நாம் எழுதிக்கொண்டிருந்த இடத்தை விட்டு எங்கோ போய்விடுவோம். பார்வையுள்ளவருக்கு அம்புக்குறி நகர்ந்தது தெரியும். நமக்கு, அடித்த நான்கு வரி எங்கே போனது என்பதே பிறகுதான் தெரியும். கைபேசியை நிற்கவைக்க ஒரு தாங்கி வேறு கொடுத்து அதற்கும் காசு வாங்குகிறார்கள். எனக்கு எதற்குத் தாங்கி? என் கைபேசி சட்டைப் பையில் கிடக்கிறது, திரையும் இருட்டாகத்தான் இருக்கிறது.

நியாயத்துக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இரண்டாக மடிபவற்றில் கீல் டி–ஒய், ஜி–எச் விசைகளுக்கு இடையே விழும். தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்பில் இடக்கைப் பக்கம் உயிர், வலக்கைப் பக்கம் மெய். அதனால் கீல் ஏறக்குறைய உயிரையும் மெய்யையும் பிரிக்கிற கோட்டிலேயே வருகிறது. வகரமும் ஙகரமும் மட்டும் இடப்பக்கம் நின்றுவிடும். தமிழ்99 அடிப்பவருக்கு அந்த இடைவெளி பெரிய இடைஞ்சலாக இல்லை. ஆங்கிலம் அடிக்கும்போதுதான் தடுக்கிவிழுந்தேன். மேசையிருக்கும் இடத்துக்கு மட்டும் எடுத்துப் போகிறவர், எடை குறைய வேண்டும் என்று நினைக்கிறவர், இரண்டாக மடிவதையே தேடி வாங்கலாம். மூன்றாக மடிவது வேண்டாம்.

இரண்டாவதாகப் பரிசோதித்தது வயர் வைத்த பழைய கணினிக் கீபோர்டு. கைபேசித் துளையில் யுஎஸ்பி வயரைச் சேர்க்கும் ஓடிஜி இணைப்பான் ஒன்றைச் செருகினால் கைபேசி அதை உடனே ஏற்றுக்கொள்கிறது. இணைத்தல் சடங்கு இல்லை, மின்கலம் இல்லை, தூங்கிப்போவதில்லை. வீட்டு மேசைக்கு இதைவிடச் சிக்கனம் கிடையாது; கற்றுக்கொள்ளும் முதல் மாதத்துக்கு இதையே சிபாரிசு செய்வேன். ஆனால் என் கைபேசியில் இருப்பது ஒரே துளை. அதில் கீபோர்டு நுழைந்தால் இயர்போனும் நுழையாது, சார்ஜரும் நுழையாது. ப்ளூடூத் இயர்போன் போட்டால் குரல் ஒரு நொடித் துணுக்கு பின்தங்கி வருகிறது. வேகமாக அடிப்பவருக்கு அந்தத் துணுக்கே எரிச்சல். பஸ்ஸுக்கு அதை எடுத்துப்போனால் பக்கத்து இருக்கைக்காரர் மடியையும் கேட்க வேண்டியிருக்கும்.

மூன்றாவதுதான் இப்போது என் பையில் இருப்பது: மடியாத, சிறிய ப்ளூடூத் பலகை. இந்த வகையில் பலருக்கும் தெரிந்தது லாஜிடெக் கே380. எடை 423 கிராம், நீளம் ஏறத்தாழ 28 சென்டிமீட்டர், இரண்டு ஏஏஏ மின்கலங்கள், மூன்று கருவிகளோடு மாறி மாறிப் பேசும். ஆப்பிளின் மேஜிக் கீபோர்டு இன்னும் மெலிது, எடையில் அதற்குப் பாதியளவுதான். விலை மட்டும் அந்த விகிதத்தில் குறையாது. மடிப்புப் பலகையைவிட இவை கனம்தான். ஆனால் மடிமேல் வைத்தால் பலகையாகவே இருக்கின்றன, வளைவதில்லை. கே380இன் வட்ட விசைகள் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு நிற்பதால் விரல் ஒவ்வொன்றையும் தனியாக உணர்கிறது. சிலருக்கு வட்ட விசை பிடிப்பதில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது.

மின்கலத்தைப் பற்றி யாரும் சொல்லாத ஒன்று. உள்ளே பதித்த, சார்ஜ் செய்யும் மின்கலம் நவீனம் என்று நினைத்திருந்தேன். அது தீரப் போவதைச் சொல்வது ஒரு சிவப்பு விளக்கு. அந்தச் சிவப்பு எனக்கு எதற்கு? ஏஏஏ மின்கலம் தீர்ந்தால் பெட்டிக்கடையில் வாங்கி, நானே தடவிப் பார்த்து மாற்றிக்கொள்கிறேன். பையில் எப்போதும் ஒரு ஜோடி கிடக்கிறது.

இந்த அளவுப் பலகைகள் பலவற்றுக்குப் பொதுவான குறை அம்பு விசைகள். மேல் அம்பும் கீழ் அம்பும் பாதிப் பாதியாக ஒரே விசையின் இடத்தில் குந்தியிருக்கும். அம்பு விசைதான் நம் கண். பட்டியலில் இறங்குவதும் வரியில் ஏறுவதும் அதில்தான். என் தங்கை இதற்கு ஒரு வழி செய்தாள்: கீழ் அம்பின் மேல் கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டினாள். டெலிட் விசைக்குக் கல் இல்லாத பொட்டு. எட்டு மாதமாகியும் விழவில்லை. பார்வையற்றோருக்கென்று விற்கும் ரப்பர்ப் புள்ளிகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

ப்ளூடூத் வகை எதை வாங்கினாலும் முதல் நாளில் இரண்டு இடத்தில் தடுக்கும். ஒன்று, இணைக்கும்போது. பல பலகைகள் ஆறிலக்க எண் ஒன்றைத் திரையில் காட்டி, அதை அடித்து என்டர் தட்டச் சொல்லும். என் திரைவாசிப்பான் அதை, "நான்கு லட்சத்து எண்பத்திரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து..." என்று வாசித்துக்கொண்டே போனது. அதை இலக்கமாக மனதில் பிரிப்பதற்குள் பெட்டி மறைந்துவிட்டது. நான்காம் முறைதான் உறைத்தது: வாசிப்பு அலகை முன்னதாகவே 'எழுத்து' என்று மாற்றி வைத்துக்கொண்டு, ஒவ்வோர் இலக்கமாகக் கேட்டு, உடனுக்குடன் அடிக்க வேண்டும். இரண்டு, தூக்கம். சிறிது நேரம் தொடாவிட்டால் பலகை உறங்கிவிடும்; எழுப்பும் முதல் ஓரிரு எழுத்துகளை விழுங்கிவிடும். 'வணக்கம்' என்று தொடங்கினால் 'ணக்கம்' என்று நிற்கும். முதலில் ஷிப்டை ஒருமுறை தட்டிவிட்டு ஒரு மூச்சு காத்திருந்தால் போதும்.

நான்காவது தேர்வு, பிரெய்ல் வரி தரும் கருவி. ஆர்பிட் ரீடர் 20 போன்றவற்றில் பெர்கின்ஸ் போலவே ஆறு விசைகள், முன்னால் இருபது எழுத்துகளுக்குப் புள்ளிகள் எழும்பி இறங்கும் வரி. ப்ளூடூத்தில் கைபேசியோடு சேரும். என் பழைய விண்ணப்பத்தை இதில் வாசித்திருந்தால் ஊட்டிப் பேச்சே வந்திருக்காது: விரல்நுனியில் றன்னகரம் வேறு, டண்ணகரம் வேறு. இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெய்ல் 1951இல் ஏற்கப்பட்டதிலிருந்தே அப்படித்தான். எழுத்தைக் காதால் இல்லாமல் எழுத்தாகவே வாசிக்கிற சுகத்துக்கு ஈடு கிடையாது. நண்பரிடம் ஒரு வாரம் கடன் வாங்கி வைத்திருந்தேன். திருப்பிக் கொடுக்க மனமில்லாமல்தான் கொடுத்தேன். விலை பல பத்தாயிரம். மெய்ப்புப் பார்ப்பவர், மொழிபெயர்ப்பாளர், காது மந்தமானவர் ஆகியோருக்கு அந்தப் பணம் வீணாகாது. காதும் கண்ணும் இரண்டும் இல்லாதவருக்கு வேறு தேர்வே கிடையாது, அவரிடம் மற்ற எதையும் பேசுவதில் பொருளில்லை. பாடக்குறிப்பும் வாட்ஸ்அப்பும் எழுதுகிற எனக்கு அது அதிகம். யாராவது அன்பளித்தால் மறுக்க மாட்டேன்.

பலகையைத் தேர்ந்தெடுத்தாயிற்று என்றாலும் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். அதில் தமிழ் வருமா என்பது கைபேசியைப் பொறுத்தது. ஐபோனில் தமிழ்99, ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடிக்கும் அஞ்சல் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. வெளிப் பலகைக்கும் அவற்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டில் திரையில் தமிழ் விசைகள் தோன்றுகின்றன என்பதற்காக வெளிப் பலகையில் அடிப்பதும் தமிழாகிவிடாது. திரையில் தமிழ், விரலுக்குக் கீழே ஆங்கிலம் என்று ஆகிவிடுவதுண்டு. நீங்கள் பயன்படுத்தும் தமிழ்த் தட்டச்சுச் செயலி வெளிப் பலகையை ஏற்கிறதா என்று, பலகை வாங்குவதற்கு முன்பே யாருடையதையாவது கடன் வாங்கி ஒரு வரி அடித்துப் பார்த்துவிடுங்கள். மடிப்புப் பலகையை வாங்கிய வாரத்தில் நான் இதைச் செய்யாததால் பதினைந்து நாள் ஆங்கிலத்திலேயே குறிப்பெழுதினேன்.

எந்த அமைப்பு என்று கேட்டால் தயங்காமல் தமிழ்99. 1999இல் தமிழக அரசு தரப்படுத்தியது. விரலால் பார்ப்பவருக்காகவே செய்தது போல ஒரு பொருத்தம் அதில் இருக்கிறது: மேடு உள்ள எஃப் விசையில்தான் புள்ளி இருக்கிறது. மெய்க்கு மேல் வைக்கும் புள்ளிக்கு, தொட்டுணரும் புள்ளி! மறு மேடான ஜே விசையில் பகரம். 'வணக்கம்' அடிக்க வ, ண, க, க, ம, புள்ளி என ஆறே தட்டு. முதல் ககரத்துக்கு அதுவே புள்ளி வைத்துக்கொள்ளும். ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடித்தால் எட்டு, நடுவே டண்ணகரத்துக்கு ஷிப்ட் வேறு. அந்த ஷிப்டை மறந்தால் மறுபடியும் பனிதான். ஆங்கிலப் பலகையில் ஊறிப்போன என் வங்கி நண்பர் மட்டும் அஞ்சலிலேயே இருக்கிறார். அவருக்கு அதுவே சரி.

எழுதுவது மட்டுமல்லாமல் கைபேசியையே பலகையிலிருந்து ஓட்டலாம் என்பதுதான் இந்த வாங்கலின் உண்மையான லாபம். டாக்பேக்கின் இயல்பான அமைப்பில் ஆல்ட் விசையோடு வலது அம்பு அடுத்த உருப்படிக்குப் போகும், இடது அம்பு முந்தையதற்கு, என்டர் திறக்கும், எச் அடுத்த தலைப்புக்குத் தாவும். ஐபோனின் திரைவாசிப்பானான வாய்ஸ்ஓவரில் கன்ட்ரோலையும் ஆப்ஷனையும் சேர்த்துப் பிடித்து அம்பு விசை. சாதாரணப் பலகையில் ஆல்ட்தான் ஆப்ஷன். இடது வலது அம்புகளை ஒன்றாக அழுத்தினால் வெறும் அம்புகளாலேயே உலவும் முறை வந்துவிடும். மேல் கீழ் அம்புகளை ஒன்றாக அழுத்தினால் திறக்கும். பாதி விசைகளாகக் குந்தியிருக்கும் அம்புகளைப் பற்றி ஏன் குறைப்பட்டேன் என்பது ஐபோன்காரருக்கு இப்போது புரியும். பலகை நன்றாகத்தான் இருக்கிறது, ஆல்ட் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் பழுது என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். பல பலகைகளில் எந்த இயங்குதளம் என்று மாற்றும் விசைகள் உண்டு, தவறான பக்கம் இருந்தால் ஆல்ட் இடம் மாறியிருக்கும்.

ஆக, பிரெய்ல் தெரிந்து, சிறு செய்திகளே எழுதுபவர் ஒன்றும் வாங்க வேண்டாம். வீட்டில் மட்டும் எழுதுபவர் பழைய கீபோர்டும் ஓடிஜியும். மடியில் வைத்து எழுதுபவர் மடியாத சிறிய பலகை. தோளில் அரைக்கிலோ கூடுவதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். இணையத்தில் படம் பார்த்து வாங்கித் தரும் உறவினரிடம் இதை விடாதீர்கள்; கைக்கு எட்டாத ஒன்றை நமக்காக இன்னொருவர் கண் தேர்ந்தெடுத்தால் பளபளப்பானதுதான் வந்து சேரும்.

கடைக்குப் போனால் பெட்டியிலிருந்து எடுத்து மடியில் வைக்கச் சொல்லுங்கள். மேசையில் வேண்டாம். உள்ளங்கையை ஒருமுறை முழுதாகப் பரப்பிவிட்டு எடுத்து, எஃப், ஜே மேடுகளை விரல் எத்தனை நொடியில் கண்டுபிடிக்கிறது என்று பாருங்கள். மூன்று நொடிக்கு மேல் ஆனால் திருப்பிக் கொடுத்துவிடலாம். பிறகு மேல் அம்பு, கீழ் அம்பு. பிறகு மின்கலக் கதவு, நகத்தால் திறக்கிறதா என்று. கடைசியாக, இணைத்துப் பார்க்க அனுமதித்தால், வ, ண, க, க, ம, புள்ளி.